ஆங்கிலக் காதில் விழும் பிரெஞ்சு

முதல் உலகப் போரின்போது வடக்குப் பிரான்சில் தங்கியிருந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் பக்கத்து ஊருக்குப் போய் முட்டையோ ஒயினோ கேட்பார்கள். இருப்பு தீர்ந்துபோயிருந்தால் கடைக்காரம்மா சொல்லும் வாக்கியம் 'இல் நி ஆன் ஆ ப்ளு'. 'அது இனி இல்லை' என்று பொருள். வேகமாகச் சொல்லும்போது 'நியானாப்ளு' என்று ஒரே மூச்சில் வரும். சிப்பாய்களின் காதில் அது 'நாப்பூ' என்று விழுந்தது. அந்த 'நாப்பூ' பாசறைப் பேச்சில் நிலைத்தது. ரம் தீர்ந்தாலும் நாப்பூ, ஆள் செத்தாலும் நாப்பூ. 'பரவாயில்லை' என்று பொருள்படும் 'ஸ ந ஃபே ரியேன்' அவர்களிடம் 'ஸான் ஃபேரி ஆன்' ஆயிற்று. 'உடனே' என்று பொருள்படும் 'தூ த ஸ்வீத்' என்பது 'டூட் ஸ்வீட்' ஆயிற்று.

படிக்காத சிப்பாய்களின் கொச்சை என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் கொஞ்சம் கவனித்தால் ஒன்று தெரியும். எந்த ஒலி தங்கியது, எது உதிர்ந்தது, எது வேறொன்றாக மாறியது என்பதெல்லாம் ஒரு ஒழுங்கில் நடந்திருக்கிறது. இன்று பிரெஞ்சு படிக்கும் ஆங்கிலேய மாணவரும் அதே இடங்களில்தான் தடுக்குகிறார்.

இதைத் தமிழில் எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எத்தனையோ பிள்ளைகள் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுக்கிறார்கள். அவர்களுக்குப் பிரெஞ்சு ஒலிகளை விளக்கும் புத்தகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பிரெஞ்சுக்காரர் மூக்கால் பேசுவார், பாதி எழுத்தை விழுங்குவார், ர-வைத் தொண்டையில் காறுவார், மூச்சுவிடாமல் பேசுவார், ஆனாலும் கேட்க இனிமை என்ற பேச்செல்லாம் ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. பிரெஞ்சை ஒரு நிமிடம்கூடக் கேட்காதவர்களும் இதைச் சொல்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் பிரெஞ்சு வாயைப் பற்றிச் சொல்வதைவிட ஆங்கிலக் காதைப் பற்றி அதிகம் சொல்கின்றன. எப்படி என்று பார்ப்போம்.

காதும் சல்லடைதான்

வெள்ளைக்காரர் ஒருவர் நம் மொழியின் பெயரைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 'டமில்' என்பார். 'ட இல்லை, த' என்று திருத்தினால் 'அதைத்தானே சொன்னேன், டமில்' என்பார். அவர் பிடிவாதக்காரர் இல்லை. நாம் சொல்லும் த-வுக்கும் ட-வுக்கும் உள்ள வித்தியாசம் அவர் காதிலேயே விழவில்லை. நாக்கு தவறுவதற்கு முன்பே காது தவறிவிட்டது.

நம் பக்கமும் இப்படித்தான். 'அம்பு' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'பல்' என்று சொல்லுங்கள். இரண்டிலும் எழுதுவது ப-தான். ஆனால் அம்பில் தொண்டை அதிர்கிறது, பல்லின் தொடக்கத்தில் அதிர்வதில்லை. ஆங்கிலேயருக்கு இவை இரண்டு தனித்தனி எழுத்துகள். நமக்கு ஒன்றே ஒன்று, ஏனென்றால் தமிழ்ச் சொற்களில் இந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை.

இப்படி ஒரு மொழி 'இது வேறு, அது வேறு' என்று பொருள் பிரிப்பதற்குப் பயன்படுத்தும் ஒலிக்கு ஒலியன் என்று பெயர். ஒலியனை ஒரு டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மொழிக்காரர் தலைக்குள்ளும் இத்தனை டப்பாக்கள் என்று கணக்கு இருக்கிறது. காதில் விழும் எந்த ஒலியும் ஏதாவது ஒரு டப்பாவுக்குள் போய்த்தான் ஆகவேண்டும். அயல்மொழி ஒலி வந்தால் இருப்பதில் எது பக்கமோ அதில் விழும். ரஷ்ய மொழியியலாளர் நிக்கொலாய் துருபெட்ஸ்கோய் தாய்மொழியின் ஒலியமைப்பைச் சல்லடைக்கு ஒப்பிட்டார். கேட்பதெல்லாம் அதில் சலித்த பிறகுதான் நமக்குக் கிடைக்கிறது.

பிறக்கும்போது இந்தச் சல்லடை இல்லை. ஜேனட் வெர்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாத வயதில் இந்தியின் த-வையும் ட-வையும் பிரித்துக் கேட்டார்கள். 10, 12 மாதம் ஆனபோது அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் திறன் மங்கிவிட்டிருந்தது. முதல் பிறந்தநாளுக்குள் சல்லடை பின்னப்பட்டுவிடுகிறது. 'டமில்' என்பவர்மேல் எனக்கிருந்த எரிச்சல் இந்த ஆய்வைப் படித்த அன்றே போய்விட்டது.

இதுவரை பார்த்தது: நாம் ஒலியை அப்படியே கேட்பதில்லை, தாய்மொழியின் டப்பாக்களில் போட்டுத்தான் கேட்கிறோம். இனி, ஆங்கில டப்பாக்களில் பிரெஞ்சு ஒலிகள் எப்படி விழுகின்றன என்று பார்க்கலாம்.

குவிந்த இ

கண்ணாடி முன் நின்று 'ஈ' என்று நீட்டுங்கள். நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் 'ஊ' சொல்வதுபோலக் குவியுங்கள். வருகிற ஒலி ஈயுமில்லை, ஊவுமில்லை. பிரெஞ்சில் இது தனி உயிரொலி. கட்டுரை முடியும்வரை இதைக் 'குவிந்த இ' என்றே அழைக்கிறேன். பிரெஞ்சில் 'நீ' என்பதற்கும் 'எல்லாம்' என்பதற்கும், 'தெரு' என்பதற்கும் 'சக்கரம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு ஒலியில்தான் இருக்கிறது. ஒன்றில் குவிந்த இ, மற்றதில் சாதாரண ஊ.

ஆங்கிலத்தில் குவிந்த இ-க்கு டப்பா இல்லை. பெரும்பாலும் ஊ-வில் விழும். 'ப்ளு'வின் கடைசி உயிர் குவிந்த இ. அதனால்தான் 'நாப்பூ'. இன்னொரு வழியும் உண்டு. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வெள்ளமாக வந்தன. 'மியூசிக்', 'பியூர்', 'டியூக்' போன்ற சொற்களைப் பாருங்கள். பிரெஞ்சில் இவற்றிலெல்லாம் இருப்பது குவிந்த இ. ஆங்கிலத்தில் அது 'யூ' ஆகியிருக்கிறது. நாக்கு இ-யிலும் உதடு உ-விலும் ஒரே நேரத்தில் இருக்கவேண்டிய ஒலியை ஆங்கிலம் இரண்டாகப் பிரித்து, முதலில் இ-யின் சாயல், பிறகு ஊ என்று வரிசையில் நிறுத்திவிட்டது. எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுக்கு முந்திய காதுகள் எப்படிக் கேட்டன என்பதற்கு 'மியூசிக்' என்ற சொல்லே சாட்சி. அந்தக் காலத்தில் ஒலிப்பதிவுக் கருவி ஏது?

இதில் எனக்குப் பிடித்த ஒரு திருப்பம் உண்டு. பிரெஞ்சு கற்ற அமெரிக்கர்களை ஜேம்ஸ் ஃப்ளெகே ஆராய்ந்து 1987இல் எழுதினார். நன்றாகப் பழகியவர்கள் குவிந்த இ-யைப் பிரெஞ்சுக்காரர் அளவுக்கே சரியாகச் சொன்னார்கள். கோட்டைவிட்டது சாதாரண ஊ-வில். ஆங்கில ஊ-வுக்கும் பிரெஞ்சு ஊ-வுக்கும் சிறு வித்தியாசம் உண்டு. 'இதுதான் நமக்கே தெரியுமே' என்று காது அதைப் பழைய டப்பாவில் போட்டு மூடிவிடுகிறது. முற்றிலும் புதிய ஒலிக்குப் புது டப்பா திறக்கிறது, பக்கத்து ஒலிக்குத் திறப்பதில்லை. அயல்மொழி கற்கும் எவரும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: கடினமாகத் தோன்றும் ஒலியைவிடச் சுலபமாகத் தோன்றும் ஒலியில் கவனம் அதிகம் வேண்டும்.

மூக்கால் பேசுகிறார்களா?

வாயின் மேற்கூரையில் பின்பக்கம் மெத்தென்று இருக்கும் சதைக்கு மெல்லண்ணம் என்று பெயர். அது ஒரு கதவு. மேலே எழும்பினால் மூக்குக்குப் போகும் வழி அடைபடும். கீழே தொங்கினால் காற்று வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் சேர்ந்து போகும். உயிரொலி சொல்லும்போதே இந்தக் கதவு திறந்திருந்தால் கிடைப்பது மூக்குயிர்.

பேச்சுத்தமிழ்க்காரருக்கு இது புதிதில்லை. 'அவன் வந்தான்' என்று எழுதியதைப் படிக்காமல், வீட்டில் பேசுவதுபோலச் சொல்லிப் பாருங்கள். 'வந்தா…' என்று மூக்கில் முடியும். ன் சொல்ல நாக்கு மேலே போய்த் தொடுவதே இல்லை. 'மரம்', 'பணம்' என்று பேச்சில் சொல்லும்போதும் உதடு ஒட்டுவதில்லை. நாள் முழுக்க மூக்குயிர் பேசுகிறவர்கள் நாம். எழுத்தில் இல்லாததால் தெரிவதில்லை.

பிரெஞ்சில் 'நல்ல வெள்ளை ஒயின் ஒன்று' என்று சொன்னால் நான்கு சொற்கள், நான்கிலும் மூக்குயிர்: 'அன் போன் வேன் ப்ளான்'. நான் இங்கே எழுதியிருக்கும் எந்த ன்-னையும் உச்சரிக்கக் கூடாது. 'வந்தான்' போல மூக்கோடு நிறுத்திவிட வேண்டும். பாரிஸ்காரர் பலருக்கு இந்த நான்கில் இரண்டு இப்போது ஒன்றாகக் கலந்துவிட்டன.

ஆங்கிலேயர் காதில் இது எப்படி விழும்? ஆங்கிலத்திலும் ன், ம் வருவதற்கு முன் உயிரில் மூக்கு ஏறும். ஆனால் பின்னாலேயே மெய்யெழுத்து வந்துவிடுவதால், மூக்கொலி முழுவதையும் அந்த மெய்யின் கணக்கில் காது வரவு வைத்துவிடும். பிரெஞ்சில் மெய் வராமலே மூக்கொலி வருகிறது. காது திகைக்கிறது. 'ஏதோ ஒரு மெய் இருந்திருக்க வேண்டும்' என்று தானாகவே ஒன்றைச் சேர்க்கிறது. பெரும்பாலும் சேர்ப்பது ங். 'ரெஸ்டொராங்', 'க்ரோஸாங்' என்று ஆங்கிலேயர் சொல்வது அதனால்தான். வராத மெய்யைத் தேடிக்கொண்டே இருப்பதால், மூக்கொலி மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கிறது. அதிலிருந்து வந்ததுதான் 'மூக்கால் பேசுகிறார்கள்' என்ற பேச்சு.

உண்மையில் பிரெஞ்சு அந்தக் கதவைப் பற்றி ஆங்கிலத்தைவிடக் கண்டிப்பானது. 'நல்ல' என்பதன் ஆண்பால் 'போன்', இதில் மூக்குயிர் மட்டும் உண்டு, ன் இல்லை. பெண்பால் 'பொன்ன்', இதில் உயிர் வாயில், பிறகு தெளிவான ன். பொருள் இதில் தொங்குவதால், பெண்பால் சொல்லில் கதவு உயிர் முடியும்வரை மூடியிருக்க வேண்டும். ஆங்கிலேயர் அங்கே முன்கூட்டியே கதவைத் திறந்துவிடுவார். யார் மூக்கால் பேசுகிறார் என்று இப்போது சொல்லுங்கள்.

உள்நாக்கும் உள்ளங்கையும்

பிரெஞ்சு ர பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அண்ணாந்து வாய் கொப்பளிப்பதுபோல என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன. அப்படி முயன்று தொண்டை வறண்டதுதான் மிச்சம், என் அனுபவத்தில். செய்யவேண்டியது இவ்வளவுதான்: நாக்கு நுனி கீழ்ப்பல்லுக்குப் பின்னால் சும்மா கிடக்கட்டும். நாக்கின் பின்பகுதி உள்நாக்கை நோக்கி எழும்பட்டும். இடையில் காற்று உராயும். உருது கஸல் பாடுபவர் 'கஸல்' என்ற சொல்லின் முதல் ஒலியைச் சொல்லக் கேட்டிருந்தால், பிரெஞ்சு ர அதற்கு வெகு பக்கம். ஆங்கில ர-வில் நாக்கு எதையும் தொடாமல் வளைந்து நிற்கும். ஆகவே பிரெஞ்சு ர ஆங்கில ர-வின் டப்பாவில் சேராமல், 'ஹ'வுக்கும் இருமலுக்கும் நடுவே எங்கோ விழுகிறது. ப, த, க-வுக்குப் பின்னால் அதிர்வும் போய்விடுவதால் இன்னும் குழப்பம். 'மூன்று' என்பதற்கான 'த்ருவா' ஆங்கிலக் காதில் 'ட்ஹ்வா' போலக் கேட்கும்.

ப, த, க-வில் வேறொரு விஷயம் இருக்கிறது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'பல்' என்று சொல்லுங்கள், கையில் காற்று படாது. ஒரு ஆங்கிலேயர் 'பென்' என்று சொன்னால் கையில் ஊதுவதுபோலப் படும். வல்லின மெய்யைத் தொடர்ந்து வரும் இந்தக் காற்றுக்கு மூச்சொலி என்று பெயர். 1964இல் லீ லிஸ்கர், ஆர்தர் ஆப்ரம்சன் இருவரும் 11 மொழிகளில் இந்த இடைவெளியை அளந்தார்கள். உதடு திறந்தபின் எவ்வளவு நேரம் கழித்துத் தொண்டை அதிரத் தொடங்குகிறது என்பதுதான் அளவு. அந்த 11 மொழிகளில் தமிழும் ஒன்று. தமிழின் ப-வில் அந்த இடைவெளி மிகக் குறைவு, ஆங்கிலத்தில் அதிகம். பிரெஞ்சும் நம் கட்சி. பிரெஞ்சு த-வும் நம் த போலப் பல்லில் தொடுவதுதான்.

மூச்சொலி இருந்தால்தான் ஆங்கிலக் காதுக்கு அது ப. இல்லாவிட்டால் அம்பில் வரும் ப-வின் பக்கம் சாயும். பிரெஞ்சுக்காரர் 'பா' என்றால் ஆங்கிலேயருக்கு அது பாதி 'bா'தான் என்று எழுத ஆசை, தமிழில் அதற்கு எழுத்து இல்லை. நான் பிரெஞ்சு படிக்கத் தொடங்கியபோது எங்கள் வகுப்பு ஆசிரியை, புதுச்சேரிக்காரர், என்னை நிறுத்திச் சொன்னார்: "நீங்க இங்கிலீஷ் ப சொல்றீங்க. வீட்டுல பேசுற ப சொல்லுங்க, அது போதும்." பள்ளியில் ஆங்கிலத்துக்காகக் கஷ்டப்பட்டுப் பழகிய காற்றை அன்றைக்கு விட்டுவிட்டேன்.

சுருக்கமாக: குவிந்த இ, மூக்குயிர், உள்நாக்கு ர, மூச்சில்லாத ப. இந்த நான்கும் தனித்தனி ஒலிகளின் கதை. ஆனால் ஆங்கிலேயரை உண்மையிலேயே தவிக்க வைப்பது தனி ஒலி இல்லை. அது அடுத்து வருகிறது.

சொல் எங்கே முடிகிறது?

எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடம் விடுகிறோம். பேச்சில் அப்படி இடம் கிடையாது. எந்த மொழியிலும் கிடையாது. ஓடும் ஒலியில் எங்கே வெட்டவேண்டும் என்று காதுதான் கண்டுபிடிக்கிறது. இதற்கு ஒவ்வொரு மொழிக்காரரும் ஒரு உத்தி வைத்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தின் உத்தி அழுத்தம். ஒரு சொல்லில் ஓர் அசையை மட்டும் உரக்கவும் நீட்டியும் சொல்லி, மற்றவற்றைத் தேய்ப்பதுதான் அழுத்தம். ஆங்கிலச் சொற்களில் மிகப் பெரும்பாலானவை அழுத்தமான அசையில் தொடங்குகின்றன. ஆகவே அழுத்தமான அசை கேட்டதும் 'புதுச் சொல் தொடங்குகிறது' என்று ஆங்கிலக் காது வெட்டுகிறது. ஆன் கட்லர், டென்னிஸ் நாரிஸ் இருவரும் 1988இல் சோதனை செய்து காட்டியது இதைத்தான். கயிற்றில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தடவிக்கொண்டே போவதுபோல.

பிரெஞ்சுக் கயிற்றில் அந்த முடிச்சுகள் இல்லை. சொல்லுக்கென்று தனி அழுத்தம் கிடையாது. சொற்கள் சேர்ந்த ஒரு தொடரின் கடைசி அசை மட்டும் சற்று நீளும். அதுவும் போதாதென்று, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன.

இதைத் தமிழருக்கு விளக்குவது சுலபம், ஏனென்றால் நமக்குப் புணர்ச்சி தெரியும். கடல், அலை என்ற இரண்டும் சேர்ந்தால் கடலலை. ல் தன் வீட்டைவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய் ல ஆகிறது. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பு என்று நன்னூல் சொல்வது இதையே. பிரெஞ்சிலும் 'இல்' ('அவன்'), 'ஆ' ('வைத்திருக்கிறான்') சேர்ந்தால் 'இ-லா'. இது முதல் வகை.

இரண்டாவது வகை கொஞ்சம் விசித்திரமானது. பிரெஞ்சில் பல சொற்களின் கடைசி மெய் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பேச்சிலிருந்து உதிர்ந்துவிட்டது, எழுத்தில் மட்டும் நிற்கிறது. ஆனால் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் சில இடங்களில் அந்த மெய் உயிர்பெற்று எழுந்து, அடுத்த சொல்லின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். இதற்கு லியேஸோன் என்று பெயர். பன்மையைக் குறிக்கும் 'லே' என்ற சொல்லுக்குப் பின்னால் ஸ் எழுதுவார்கள், சொல்லமாட்டார்கள். 'நண்பர்' என்பதற்கு 'ஆமி'. இரண்டும் சேர்ந்தால் 'லே-ஸாமி'. 'பெரிய' என்பதற்கான 'க்ரான்', 'மனிதர்' என்பதற்கான 'ஒம்' சேர்ந்தால் 'க்ரான்-தொம்'. 'ஒம்' என்ற சொல்லை மட்டும் படித்துவைத்திருந்த மாணவர் 'தொம்' என்று கேட்டால் எங்கே தேடுவார்?

பிரெஞ்சுக் குழந்தைகளே இதில் தடுமாறும். 'ஒரு கரடி' என்பது 'அன்-நூர்ஸ்' என்று ஒலிக்கும். கரடிக்குப் பெயர் 'ஊர்ஸ்'. ஆனால் குழந்தை 'நூர்ஸ்' என்றே எடுத்துக்கொண்டு, கொஞ்ச நாள் அப்படியே சொல்லித் திரியும். ஆங்கிலத்தில் இதற்குத் தலைகீழாக நடந்து, திருத்தப்படாமலே நிலைத்துவிட்டது. 'ஏப்ரன்' என்கிற சமையல் மேலாடை பிரெஞ்சிலிருந்து வந்தபோது 'நேப்ரன்'. 'ஒரு' என்று பொருள்படும் 'அ', 'ஆன்' என்ற இரண்டில் எதற்குப் பிறகு வெட்டுவது என்று காது குழம்பி, ந்-ஐ முன்சொல்லுக்குக் கொடுத்துவிட்டது. கிரிக்கெட் 'அம்பயர்' வந்த வழியும் இதுவே, அதற்கும் முன்பு தலையில் ஒரு ந் இருந்தது.

கடைசி மெய் உதிர்ந்ததால் வந்த இன்னொரு விளைவு, ஒரே ஒலியில் குவியும் சொற்கள். 'வேர்' என்பது போன்ற ஒரே ஒலிக்குப் புழு, கண்ணாடிக் குவளை, பச்சை, நோக்கி, செய்யுள் அடி என்று ஐந்து பொருள்கள். எழுத்தில் பெரும்பாலும் மாறுபடும், காதுக்கு ஒன்றே. முடிச்சில்லாத கயிற்றில், எங்கு வெட்டினாலும் ஏதோ ஒரு சொல் கிடைக்கும்.

ஆங்கிலேயர் இதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டார்: 'பிரெஞ்சில் கடைசி எழுத்தைச் சொல்லக் கூடாது.' பாடத்தை அளவுக்கு மீறிக் கற்றதும் உண்டு. வேதனையை முடிக்கக் கொடுக்கும் இறுதி அடியைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடர் 'கூ த க்ராஸ்', 'கருணை அடி' என்று பொருள். ஸ் ஒலிக்கவேண்டிய சொல் அது. ஆங்கிலேயர் பலர் அதையும் உதிர்த்து 'கூ த க்ரா' என்பார்கள். பிரெஞ்சுக் காதுக்கு அது 'கொழுப்பு அடி'.

அழுத்தத்துக்கு வருவோம். 'பாலே' நடனம், 'கஃபே' இரண்டையும் அமெரிக்கர் கடைசி அசையில் அழுத்துகிறார், பிரிட்டன்காரர் முதல் அசையில். மூலத்தில் இருப்பது ஒரே பிரெஞ்சு ஒலி. கடைசி அசையின் நீட்சியை அமெரிக்கக் காது அழுத்தம் என்று எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் நாக்கு சொல்லைத் தன் ஊர் வழக்கத்துக்கு மாற்றிக்கொண்டது. பிரெஞ்சுக்காரரைக் கேட்டால் இரண்டுமே அதிகப்படி.

வேகம் என்ற மயக்கம்

'அவங்க ரொம்ப வேகமாப் பேசுறாங்க' என்று நாம் எந்தத் தெரியாத மொழியைப் பற்றியும் சொல்வோம். வெட்டத் தெரியாத கயிறு வேகமாக ஓடுவதுபோலத்தான் தோன்றும். ஆனால் பிரெஞ்சு விஷயத்தில் கொஞ்சம் உண்மையும் உண்டு. பிரான்சுவா பெல்லெக்ரினோவும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட கணக்கில், பிரெஞ்சு நொடிக்குச் சுமார் 7.2 அசை, ஆங்கிலம் 6.2 அசை. ஆனால் ஆங்கிலத்தின் ஒவ்வொரு அசையும் சற்று அதிகச் சுமை தூக்குகிறது. 2019இல் 17 மொழிகளை அளந்தபோது, அசை வேகம் எப்படியிருந்தாலும் செய்தி போய்ச்சேரும் வேகம் எல்லா மொழிக்கும் ஏறக்குறைய ஒன்றே, நொடிக்கு 39 பிட் அளவில் இருந்தது (பிட் என்பது தகவலை அளக்கும் அலகு).

வித்தியாசம் தாளத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அழுத்தமில்லாத அசைகள் தேய்ந்துபோகும். ஆங்கிலேயர் சொல்லும் 'பனானா'வில் நடு அசை மட்டும் நிற்கும், இரு பக்கமும் கரைந்துவிடும். பிரெஞ்சில் அசைகள் பெரும்பாலும் முழுதாக, ஏறக்குறைய ஒரே எடையில் வரும். தேய்ந்த அசைகளில் இளைப்பாறிப் பழகிய ஆங்கிலக் காதுக்கு இங்கே இளைப்பாற இடம் இல்லை. பிரெஞ்சு வகைத் தாளத்தை இயந்திரத் துப்பாக்கிக்கும் ஆங்கில வகைத் தாளத்தைத் தந்தி ஒலிக்கும் 1940லேயே ஒப்பிட்டிருக்கிறார்கள். பின்னால் கருவி வைத்து அளந்தபோது, சம இடைவெளி என்று நினைத்தது அவ்வளவு சமமாக இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் இரண்டும் வெவ்வேறு தாளம் என்ற உணர்வு பொய்யில்லை. பிறந்து சில நாளான குழந்தைகூட, சொற்கள் புரியாதபடி மங்கலாக்கிய ஒலியில் தாளத்தை வைத்து மொழிகளைப் பிரிக்கிறது.

பேச்சில் பிரெஞ்சும் சுருங்கும் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். 'எனக்குத் தெரியாது' என்பதைப் புத்தகம் 'ஜ ந ஸே பா' என்று கற்றுக்கொடுக்கும். தெருவில் கேட்பது 'ஷேபா'. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று தமிழ் படித்தவர் சென்னைக்கு வந்து 'வந்துட்ருக்கேன்' கேட்டு விழிப்பதைப் போன்ற நிலைமைதான்.

இனிமை யாருடையது?

கடைசியாக, 'பிரெஞ்சு காதல் மொழி' என்பது. மொழியியலில் பிரெஞ்சு ரொமான்ஸ் மொழிகளில் ஒன்று என்று சொல்வது உண்மை. ஆனால் அந்தப் பெயர் ரோமாபுரியிலிருந்து வந்தது, லத்தீனிலிருந்து பிறந்த மொழி என்பதே பொருள்.

ஒலியிலேயே இனிமை இருக்கிறது என்பவர்களுக்கு ஜெர்மன் மொழியைக் காட்டுவேன். ஜெர்மனின் ர-வும் உள்நாக்கு ர. ஜெர்மனிலும் குவிந்த இ உண்டு. ஆங்கிலேயர் ஜெர்மனைக் கரடு முரடு என்பார், பிரெஞ்சைப் பட்டு என்பார். இரண்டிலும் அவருக்கு அந்நியமான ஒலிகளில் முக்கியமான இரண்டு ஒன்றேதான். 1970களில் ஹோவர்ட் ஜைல்ஸும் உடன் ஆய்ந்தவர்களும், பிரெஞ்சே தெரியாத வேல்ஸ் நாட்டு மக்களுக்கு பாரிஸ் வகைப் பிரெஞ்சையும் கனடாவின் பிரெஞ்சையும் போட்டுக் காட்டினார்கள். பிரெஞ்சு தெரிந்த ஊர்களில் ஒன்று உயர்வு, ஒன்று மட்டம். கேட்ட வேல்ஸ்காரருக்கு எது உசத்தி என்று பிரிக்கவே தெரியவில்லை. யார் பேசுகிறார், எந்த ஊர், என்ன மதிப்பு என்று நாம் முன்பே அறிந்துவைத்திருப்பதைத்தான் பிறகு இனிமை என்று கேட்கிறோம்.

இரண்டு சல்லடைகளிலும் சிக்காமல் விழுந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறேன். 1920களில் லண்டனின் க்ராய்டன் விமான நிலையத்துக்கும் பாரிஸின் லெ பூர்ஜே நிலையத்துக்கும் இடையே விமானங்கள் ஓயாமல் பறந்தன. ஆபத்தில் இருக்கும் விமானி வானொலியில் சொல்ல, இரு நாட்டாருக்கும் தவறாமல் கேட்கிற ஒரு சொல் வேண்டும் என்றார்கள். தந்தியில் பழகிய எஸ்ஓஎஸ்ஸின் எஸ், அன்றைய வானொலி இரைச்சலில் தெளிவாகக் கேட்கவில்லை. க்ராய்டனின் வானொலி அதிகாரி ஃப்ரெடெரிக் மாக்ஃபோர்ட் பிரெஞ்சின் 'எனக்கு உதவுங்கள்' என்பதை ஒட்டி 'மேடே' என்பதைச் சொன்னார். அதில் குவிந்த இ இல்லை, மூக்குயிர் இல்லை, உள்நாக்கு ர இல்லை, கடைசியில் உதிரும் மெய்யும் ஒலிப்பில் இல்லை. பிரெஞ்சுக்காரர் ட-வைப் பல்லில் தொட்டுச் சொல்வார், ஆங்கிலேயர் ஏ-யை 'ஏய்' என்று இழுப்பார். ஒருவர் சொன்னது மற்றவருக்கு அப்படியே போய்ச் சேர்ந்தது. 1927இல் உலக நாடுகள் அதை ஏற்றுக்கொண்டன. நடுக்கடலிலும் வானத்திலும் இன்றும் அதையே மூன்று முறை சொல்கிறார்கள்.